நீளக் கோட்டும் ஒற்றைத் தோடும்

“அந்தக் காலத்து உங்கட ஆக்களின்ர படம் ஒண்டும் விட்டதில்லை. எல்லாம் பாத்திருக்கிறன்” என்று அன்புராசா சொன்னபோது, அவர் பார்த்திருந்தது ஒரேயொரு படம்.

சொன்ன இடம் அஜக்ஸ் நகரில், சம்பந்தியாகப் போகிறவரின் சாப்பாட்டு மேசை. பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. இந்த உறுதிமொழி ஏன் தேவைப்படுகிறது என்பது போகப் போகத் தெரியும்.

மகள் ஷிவானி, ஆன்ட்ரேயைத்தான் கட்டுவேன் என்று சொன்ன நாளிலிருந்து அன்புராசா மூன்று மாதம் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆன்ட்ரே ஜமெய்க்காக் குடும்பத்துப் பிள்ளை. ‘சனம் என்ன சொல்லும்’ என்பதைத் தவிர அன்புராசாவிடம் வேறு நியாயம் இருக்கவில்லை. பிறகு ஒரு பனிநாளில் ஆன்ட்ரே அன்புராசாவின் மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்து, வாசலில் கிடந்த பனி முழுவதையும் வழித்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போனான். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் உருகிப்போனார். உருகின கையோடு, பாழாக்கின மூன்று மாதத்தையும் ஒரே விருந்தில் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற அவதியும் வந்து சேர்ந்தது.

ஆன்ட்ரேயின் தகப்பன் டெஸ்மன்ட் பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போதும் நிமிர்ந்துதான் இருந்தார். குளிரைப் பற்றிப் பேசி முடிந்தது. 401 நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றிப் பேசி முடிந்தது. வீட்டு விலையும் முடிந்தது. அதற்குப் பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஷிவானி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுவரில் தான் பார்த்த அந்தப் பழைய கறுப்பினப் படத்தின் போஸ்டரை அன்புராசா கண்டார். குவிந்த முடி, கணுக்கால் மட்டும் தொங்கும் தோல் கோட்டு, பின்னால் எரிகிற கார். சட்டத்தின் மூலையில் கடை ஸ்டிக்கரைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு ஒரு நொடியில் பதினேழு வயது ஆகிவிட்டது. அந்தப் பதினேழு வயதுதான் ‘எல்லாம் பாத்திருக்கிறன்’ என்று சொல்லிவிட்டது.

டெஸ்மன்டின் முகம் மலர்ந்தது. “அப்படியா! இந்தப் படத்தில் உங்களுக்குப் பிடித்த கட்டம் எது? முதலில் நீங்கள் சொல்லுங்கள்.”

“வேறை என்ன, தோட்டுக் கட்டம்தான்! தாய்க்காரி தன்ர ரெண்டு தோட்டையும் கழட்டி, ‘வித்துப் படி ராசா’ எண்டு மகன்ர கையில குடுக்கிறா. ஒண்டை வித்துப்போட்டுத் திரும்பி வாறான், அதுக்குள்ளை தாயைச் சுட்டுப்போட்டாங்கள். மற்றத் தோட்டைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை போட்டவன்தான். படம் முடியுமட்டும் அதைத் தொட்டுத் தொட்டுப் பாப்பான்.”

டெஸ்மன்ட் கண்ணை மூடினார். “ஆ, அந்தத் தோடு!” என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“சின்னனில அப்பா எனக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் நித்திரையாக்கிறவர்” என்றாள் ஷிவானி. சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே தகப்பனின் கையைப் பிடித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பிடித்தாள்.

விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். டெஸ்மன்ட் விடவில்லை. பெப்ரவரி, கறுப்பினத்தவரின் வரலாற்று மாதம். தங்கள் தேவாலய மண்டபத்தில் இதே படத்தைப் போடுவோம், படத்துக்கு முன்னால் நீங்கள் பேசவேண்டும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அதுக்கென்ன, பேசினாப் போச்சு” என்றார் அன்புராசா. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாத மனிதர்.

காரில் மனைவி பேபி பிடித்துக்கொண்டாள். “என்னப்பா, உங்களுக்கு விசரே? பாத்தது ஒரு படம். அதுவும் ஆற்றையோ சாமத்தியவீட்டில.”

உண்மைதான். எண்பத்தைந்தாம் ஆண்டு, ஊரில் ஒரு பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா. வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பூட்டி, முற்றத்தில் பாய் விரித்துப் படம் ஓட்டுகிற காலம். இரண்டு தமிழ்ப் படம் முடிய, யாரோ ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த கசற் என்று இதைப் போட்டார்கள். ஒருவருக்கும் ஒரு வசனமும் விளங்கவில்லை. டெக்கோடு வந்த அகஸ்ரின் டிவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, கையில் டோர்ச் லைற்றோடு, வரிக்கு வரி தமிழில் சொன்னான். தோட்டுக் கட்டத்தில் சாமத்தியப்பட்ட பிள்ளைகூட எழும்பி வந்து அழுதது. அடுத்த கிழமை ஊர்ப் பொடியள் எல்லாரும் சித்திரை வெயிலில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடினார்கள். அன்புராசா போட்டது தகப்பனுடைய தபால்கந்தோர் மழைக்கோட்டு.

அகஸ்ரின் இப்போது பக்கத்து நகரான விட்பியில் இருக்கிறார். அன்புராசா அடுத்தநாளே போன் எடுத்தார்.

“அண்ணை, அந்த நீளக் கோட்டுக்காரன்ர கதையை ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ. மேடையில பேசவேணும்.”

“டேய் அன்பு, அந்த நேரம் எனக்கு இங்கிலிஸில யெஸ்ஸும் நோவும்தான் தெரியும்.”

“என்ன?”

“கதை நான் கட்டினது.”

“அப்ப தோடு?”

“அவன் சும்மா சும்மா பொக்கற்றைத் தட்டினவன். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு சனம் கேட்டுது. ஏதும் சொல்லவேணுமெல்லே?”

“தாய்?”

“பஸ் ஸ்டாண்டில ஒரு மனிசி நிண்டது. தாயில்லாத படத்துக்கு எங்கட சனம் இருக்குமே? பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கும்.”

“ஐயோ அண்ணை, நான் ரெண்டு நாள் சாப்பிடேல்லை!”

“நானும்தான்டா அழுதனான். கட்டின எனக்கே தாங்கேலாமப் போச்சு.” அகஸ்ரின் மூக்கை உறிஞ்சினார். “ஒண்டு சொல்லுறன் கேள். கதையை மட்டும் மாத்திப்போடாதை. ஆளுக்கொரு மாதிரிச் சொன்னாத்தான் பிடிபடுறது. ஆறுதலாக் கதைக்கவேணுமெண்டா வீட்டை வா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதை, எனக்கு அலுவல் இருக்கு.”

அன்புராசா போனை வைத்துவிட்டு யோசித்தார். இல்லாத தோட்டுக்கு டெஸ்மன்ட் ஏன் கண்ணைத் துடைத்தார்?

“பொய்யெண்டு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு” என்றார் பேபியிடம். “உப அதிபர் மூளை. களவு செய்த பொடியனை உடனை பிடிக்கமாட்டாங்கள். நல்லா ஓடவிட்டு, அசெம்பிளியில ஏத்திப் பிடிப்பாங்கள்.”

“சீச்சீ, அந்த மனிசனைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை.”

“பாத்தாத் தெரியாது. அதுதான் உப அதிபர்.”

அகஸ்ரினுக்கு ஏதும் கைதவறி உண்மை பட்டிருக்கலாம் என்ற நப்பாசையில், படத்தைத் தேடிப் பிடித்து இருவரும் பார்த்தார்கள். தாய் இல்லை. தங்கச்சி இல்லை. ஒரு பெரியம்மாகூட இல்லை. நாயகன் கோட்டுப் பொக்கற்றைத் தட்டினான், கையை விட்டான், அன்புராசா மூச்சைப் பிடித்தார்.

“சீப்பு” என்றாள் பேபி.

சீப்புத்தான். எடுத்து முடியைக் கோதிவிட்டுத் திரும்பப் பொக்கற்றில் போட்டான்.

அன்புராசா டெஸ்மன்டுக்குப் போன் எடுத்து, வேறொரு படம் போட்டால் நல்லதல்லவா என்று இழுத்தார்.

“வேறு படமா? கூடாது, கூடவே கூடாது!” டெஸ்மன்டின் குரல் ஏறிவிட்டது. “இந்தப் படம்தான். தோட்டுக் கட்டத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.”

தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் ஆன்ட்ரே இஞ்சியும் தேனும் கொண்டு வாசலில் நின்றான். கூடவே அச்சடித்த நோட்டீஸ். அதில் அன்புராசாவின் கலியாணவீட்டுப் படம். அதற்குக் கீழே ‘பழைய கறுப்பினத் திரைப்படங்களின் நிபுணர்’ என்று போட்டிருந்தது. ஷிவானி அதை லண்டன், பாரிஸ், சிட்னி என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். “அப்பா, ஐ ஆம் ஸோ பிரவுட்” என்று அவள் சொன்னபோது, மனிதருக்குக் காய்ச்சலே வரப் பார்த்தது.

நோட்டீஸில் போட்டிருந்த சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஷிவானி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலாம் வரிசையில் அகஸ்ரின், நீளத் தோல் கோட்டோடு. ‘வந்ததுதான் வந்தார், கோட்டும் தேவையோ’ என்று அன்புராசா பல்லைக் கடித்தார்.

முதலில் ஒரு முதியவர் எழும்பினார். அந்தப் படங்களால் எங்களுக்கு மிஞ்சியது கையில் துவக்கும் கழுத்தில் சங்கிலியும்தான் என்றார். காசு போனது வேறு ஆட்களின் பைக்கு, வெட்கம் வந்தது எங்கள் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டுத் தடியை நிலத்தில் குத்தினார். ஒரு இளம்பெண் விடவில்லை. “அதுவரைக்கும் எங்கள் முகம் திரையில் வேலைக்காரனாகக் கதவு திறந்துவிட வந்தது. அந்தப் படங்களில்தான் கதவை உதைத்துக்கொண்டு வந்தது” என்றாள். பாதி மண்டபம் கை தட்டியது, மறுபாதி தலையாட்டி மறுத்தது. எல்லாரும் நிபுணரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்புராசா எழும்பினார். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். ஷிவானியின் முகத்தைப் பார்த்தார். வேறோர் உண்மைதான் வந்தது.

“எனக்குக் கனக்கத் தெரியாது. அந்தப் படம் பாக்கேக்கை எனக்குப் பதினேழு வயசு. ஒரு வசனமும் விளங்கேல்லை. எங்கட ஊரில அப்ப ஆமிக்காரன் நிக்கிற இடத்தில நாங்கள் சைக்கிளால இறங்கி, தொப்பியைக் கழட்டி, அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு நடக்கவேணும். படத்தில ஒருத்தன் வாறான். எங்கட நிறம். பொலிஸ்காரன் நில் எண்டுறான். அவன் நிக்கேல்லை. கோட்டை உதறிப்போட்டு நடந்து போறான். முற்றத்தில இருந்த சனம் ஒண்டும் மூச்சு விடேல்லை.”

மண்டபத்திலும் யாரும் மூச்சு விடவில்லை.

“அடுத்தநாள் ஆமிக்காரன் என்னை இறங்கு எண்டான். இறங்கினன். இறங்காட்டிச் சுடுவான். ஆனா மெல்ல இறங்கினன். அவ்வளவுதான் என்னால ஏலுமாயிருந்தது. அந்தப் படம் நல்லதோ கெட்டதோ எனக்குச் சொல்லத் தெரியாது. மெல்ல இறங்கப் பழக்கினது அதுதான்.”

தடியை ஊன்றிக்கொண்டு அந்த முதியவர் எழும்பி நின்று கை தட்டினார். போனுக்குப் பின்னால் ஷிவானி அழுதுகொண்டிருந்தாள். அன்புராசாவும் அழுதார். இந்த இடத்தோடு மின்சாரம் போயிருந்தால் எவ்வளவு நல்லது என்றும் நினைத்தார்.

போகவில்லை. படம் தொடங்கியது.

தாய் வருவாள், வருவாள் என்று மண்டபம் காத்திருந்தது. நாயகன் பொக்கற்றைத் தட்டினான். “தோடு!” என்று பின்னால் ஒரு பெண் விம்மினாள். சீப்பு வந்தது. இரண்டாம் முறையும் சீப்புத்தான். மண்டபத்தில் குசுகுசுப்புக் கிளம்பியது. அன்புராசாவின் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த டெஸ்மன்டைக் கடைக்கண்ணால் பார்த்தார். அந்த மனிதருக்கு அவரைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

திடீரென்று டெஸ்மன்ட் எழும்பி, திரைக்கு முன்னால் போய் நின்றார்.

“நண்பர்களே, மன்னிக்க வேண்டும். இது வெட்டின படக் கொப்பி. தோட்டுக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.”

“அநியாயம்!” என்றார் தடிக்காரர். “படத்தின் உயிரே அதுதானே!”

“நான் அந்தக் கட்டத்தைத் தியேட்டரில் பார்த்தேன்” என்று றெஜினா என்ற மூதாட்டி எழும்பினார். “அம்மா நீலச் சட்டை போட்டிருப்பாள். நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.”

இன்னும் நாலைந்து பேருக்கும் நீலச் சட்டை நினைவு வந்தது. படம் முடிந்தபோது, வெட்டினவர்களுக்கு எதிராக மனு எழுத வேண்டும் என்ற அளவுக்குப் போய்விட்டது.

அன்புராசாவுக்கு டெஸ்மன்டின் காலில் விழலாம் போல இருந்தது. உப அதிபராயிருந்த மனிதர், தேவாலய மண்டபத்தில் நின்று, என் மானத்தைக் காக்கப் பொய் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்டவரின் வீட்டுக்குப் பெண் கொடுக்கவா மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்? இன்றைக்கே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்துத் தேடிப் போனார்.

மண்டபத்துக் குசினி வாசலில் டெஸ்மன்டும் அகஸ்ரினும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, கனகாலம் பழகினவர்கள் மாதிரி நின்றார்கள். அன்புராசாவைக் கண்டதும் இருவரும் கையை எடுத்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

“உங்களுக்கு... இவரைத் தெரியுமோ?” என்றார் அன்புராசா.

ஆட்டுக்கறியைக் கிளறிக்கொண்டிருந்த டெஸ்மன்டின் மனைவி வேரோனிக்கா அகப்பையோடு திரும்பினாள்.

“இன்னும் இவர் உங்களுக்குச் சொல்லவில்லையா? போதகர் வீட்டுப் பிள்ளையென்று சின்ன வயதில் இவரைத் தியேட்டர் பக்கமே விட்டதில்லை, இந்தப் படங்களில் ஒன்றையும் இவர் பார்த்ததில்லை. உங்களோடு கதைக்க ஒரு விஷயம் வேண்டும் என்று, அந்த விருந்துக்கு முந்தியே, உங்களுக்குக் கதை சொன்ன அகஸ்ரினின் நம்பரை ஷிவானியிடம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுக் கதை கேட்கிறார். தோட்டுக் கட்டம் வந்தால் ஒவ்வொரு முறையும் அழுகைதான்!”