எதுக்கு சார் வீட்டு ஜிம்

எங்கள் ஊர்க் கடைத்தெருவான கரியாஹாட்டில் உடற்பயிற்சிக் கருவி விற்கிறவர்கள் இரண்டு விஷயங்களுக்குத்தான் பயப்படுவார்கள். ஒன்று, மழைத் தண்ணீர் கடைக்குள் ஏறுவது. இன்னொன்று, எங்கள் மாடி வீட்டு எதுக்கு சார் கடைக்குள் ஏறுவது. மழைத் தண்ணீராவது மறுநாள் வடிந்துவிடும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கதவில் பித்தளைப் பலகையில் பளபளவென்று இருக்கிறது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ்க்காரர்களுக்கு அவர் எதுக்கு சார். எங்கள் பாடாவில், அதாவது அக்கம்பக்கத்தில் இருக்கிற வங்காளிகளுக்கு அவர் கேனோ-தா. 'கேனோ' என்றால் அவர்கள் மொழியில் 'ஏன்', 'தா' என்றால் 'அண்ணா'. டிரெட்மில், சைக்கிள், ஸ்மார்ட் வாட்ச் என்று எதையாவது வாங்கப்போவதாக நீங்கள் மாடிப்படியில் மூச்சு விட்டால் போதும். மனிதர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எதுக்கு?" என்பார்.

"உடம்புக்கு சார்" என்று தப்பித்துவிட முடியாது.

"உடம்புக்குன்னா? கட்டிலைத் தூக்கி நகர்த்தணுமா, மாடி ஏறினா மூச்சு வாங்காம இருக்கணுமா, ராத்திரி நன்னாத் தூங்கணுமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு மிஷின் ஓய்! எதுக்குன்னு தெரியாம வாங்கினா துணி காயப்போடத்தான் ஆகும்."

வங்கியில் கடன் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களையெல்லாம் எதுக்கு, எதுக்கு என்று துளைத்துத் துளைத்து அந்த வார்த்தை நாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்குப் பிடிக்காத பதில் ஒன்றே ஒன்று: 'சும்மா'. சும்மாத்தான் வாங்கறேன் என்று யாராவது சொல்லிவிட்டால் ஏதோ அவர் பரம்பரையையே திட்டிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கீழ்வீட்டு கோஷ் பாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்குள் தொப்பை குறைய வேண்டும், பஞ்சாபி என்கிற பட்டு ஜிப்பாவுக்குப் பொத்தான் போட வேண்டும் என்று டிரெட்மில் வாங்கக் கிளம்பினார். சார் குறுக்கே நின்றுவிட்டார். "பேசாம ரெண்டு நிமிஷம் இருந்திருக்கேளா நீங்க? டிரெட்மில் திரும்பிப் பேசுமா?" என்று கேட்டு, அதற்குப் பதிலாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கவைத்தார். முனையில் இருக்கும் டீக்கடைக்குப் போகக்கூடாது, ஏரிக்கரை டீக்கடைக்கு நடந்தே போய்த்தான் அரட்டை அடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஒரே வாரத்தில் கோஷ் பாபு வெற்றி வீரராக வந்து நின்றார். தினமும் இலக்கைத் தாண்டிவிட்டதாக வாட்ச் பாராட்டுகிறதாம். சார் சந்தேகப்பட்டு ஒருநாள் பின்னாலேயே போனார். கோஷ் பாபு முனை டீக்கடை பெஞ்சைவிட்டு அசையவே இல்லை. கால்பந்து பற்றி இரண்டு கையையும் வீசி வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாட்ச் அதையெல்லாம் நடை என்று கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது.

"லோகத்திலேயே வாயால நடந்த முதல் மனுஷன் நீங்கதான்!" என்று சொல்லி, சார் அந்த இடத்திலேயே வாட்சைக் கழற்றி அவர் கணுக்காலில் கட்டிவிட்டார். இன்றைக்கும் கோஷ் பாபுவிடம் மணி கேட்டால் பைஜாமாவைத் தூக்கிக் காலைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் கல்யாணத்தன்று பொத்தான் போட்டுக்கொண்டார், அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து என் கதை. நான் மதுரைப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். இரண்டே அறை வீடு. அதில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கெல்லாம் சேர்த்து நான் ஒருத்தி. ஒரு சைக்கிள் வாங்கி வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். படியில் மாட்டிக்கொண்டேன்.

"எதுக்கும்மா சைக்கிள்?"

"வெயிட் குறையணும் சார்."

"குறைஞ்சு?"

"பழைய ரவிக்கையெல்லாம் சேரணும்."

"அதைத் தையக்காரர் பிரிச்சுக் குடுத்துடுவார். வேற?"

"சுறுசுறுப்பா இருக்கலாம்ல?"

"காலம்பறலேர்ந்து பம்பரமா சுத்திண்டுதானே இருக்கே? நிஜத்தைச் சொல்லு. எதுக்கு?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "அரை மணி நேரம் என்னை ஒருத்தரும் கூப்பிடக் கூடாது சார்! சாக்ஸ் எங்கன்னு கேக்கக் கூடாது, காபி ஆறிப்போச்சுன்னு சொல்லக் கூடாது. போதுமா?" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இதை முதல்லயே சொல்லப்படாதோ? வா, கடைக்குப் போகலாம்" என்றார்.

கடைக்காரர் காந்தத்தில் ஓடுகிற சைக்கிளைக் காட்டி, சத்தமே வராது, பக்கத்தில் குழந்தை தூங்கலாம் என்று பெருமைப்பட்டார். "அது வேண்டாம். இருக்கறதுலேயே அதிகமா சத்தம் போடறது எது?" என்றார் சார். விற்பனை வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை அந்த மனிதர் கேட்டதே இல்லை. குடோனுக்குள் போய், யாரும் சீண்டாத ஒரு பழைய மாடலை இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஏறி மிதித்தேன். கடமுடா கடமுடா என்று அரவை மில் மாதிரி ஒரு சத்தம். சார் கடை வாசலில் போய் நின்றுகொண்டு கையைக் குவித்து என்னவோ கூவினார். எனக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

"சாக்ஸ் எங்கேன்னு நாலு தரம் கத்தினேன். கேட்டுதா?"

"ஒண்ணுமே கேக்கல சார்!"

"பேக் பண்ணச் சொல்லு" என்றார். அந்த அரை மணி நேரம் இன்றுவரை எனக்கே எனக்கு. அவர் நன்றாக இருக்கட்டும்.

ஊருக்கெல்லாம் இப்படி அளந்து வாங்கிக் கொடுத்தவர், சொந்த வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

அவர் மனைவி விசாலம் மாமி போன வருஷம் மழைக்காலத்தில் ஈரப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். நன்றாகவே கூடிவிட்டது. வீட்டுக்குள் நடக்கிறார், சமைக்கிறார், எல்லோரையும் மிரட்டுகிறார். ஆனால் வாசற்படியைத் தாண்ட மாட்டார். எங்களுடையது பழங்காலத்து வீடு, லிஃப்ட் கிடையாது. அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. மாமி கதவுவரை வருவார், படியைப் பார்ப்பார், அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து திரும்பிவிடுவார். துர்கா பூஜைக்கு வீட்டு எதிரிலேயே பந்தல் போட்டார்கள். வருஷா வருஷம் முன்வரிசையில் நின்று புஷ்பாஞ்சலி செய்கிறவர், அந்த முறை பால்கனியிலிருந்து கும்பிட்டார். இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் பலம் போய்விடும், பிறகு பால்கனிக்கு வருவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சார் ஆடிப்போய்விட்டார். எதுக்கு என்ற வார்த்தையே அவருக்கு மறந்துபோனது. முதலில் டிரெட்மில்போல ஏறி நடக்கிற பட்டை வந்தது. மாமி அதில் வடாம் காயவைத்தார். உட்கார்ந்தே மிதிக்கிற பெடல் வந்தது. அதில் வெங்காயப் பை தொங்கியது. ஏறி நின்றால் உடம்பையே குலுக்குகிற பலகை ஒன்று வந்தது. அதன்மேல் அரிசி டப்பாவை வைத்து ஓடவிட்டால் அரிசி அமுங்கி இன்னும் ஒரு ஆழாக்கு பிடிக்கிறது என்று மாமி கண்டுபிடித்தார். எடையை வாய்விட்டுச் சொல்கிற தராசு வந்தது. "கூடத்துல வெச்சு என் வெயிட்டைக் கத்தறது, மானம் போறது" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். எந்த மிஷினையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிலும் ஏறவும் இல்லை.

ஒருநாள் காலை மாமியிடம் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கூடத்தில் நடக்க வழியில்லை, ஜிம்முக்குள் வீடு இருந்தது. சார் போனில் அடுத்த மிஷின் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், எங்களை எல்லாம் அந்தப் பாடு படுத்துனீங்களே. மாமிகிட்ட ஒரு தடவையாவது எதுக்குனு கேட்டீங்களா?"

மனிதர் அப்படியே அந்தக் குலுக்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, சுவிட்ச் போடவில்லை.

"கேக்கலைம்மா" என்றார் மெதுவாக. "பயமா இருக்கு. இனிமே எனக்கு இதெல்லாம் எதுக்குன்னு அவ திருப்பிக் கேட்டுட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து மாமி, ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் வெண்டைக்காயுமாக வந்து நின்றார்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"சார் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம் மாமி" என்று நான் மாட்டிவிட்டேன்.

சார் பலகையிலிருந்து எழுந்தார். "விசாலம்... நீ கீழே இறங்கினா... எதுக்கு இறங்குவே?"

மாமி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. வெண்டைக்காயை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதுக்கு! விழுந்த நாள்லேர்ந்து நீங்க வாங்கிண்டு வர முத்தலைத்தான் நறுக்கிண்டிருக்கேன், கத்தியே மழுங்கிப்போச்சு. நுனியை ஒடிச்சுப் பாத்து வாங்குங்கோன்னா, கடைக்காரன் திட்டுவான்னு நடுங்கறேள். நான் போகணும். அவன் எதிர்ல தரையில குந்தணும். ஒவ்வொண்ணா நுனியை ஒடிக்கணும். அவன் கத்தணும், நானும் கத்தணும். யார் கையையும் பிடிச்சுக்காம நானே எழுந்துக்கணும். இதுக்கு மிஷின் இருந்தா வாங்கிண்டு வாங்கோ!"

சாரின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பழைய கடன் அதிகாரி திரும்பி வந்துவிட்டார்.

பிசியோதெரபி செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு எது செய்யலாம், எது கூடாது என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி முழுவதையும் அளந்தார். மாமி விழுந்த திருப்பத்தில் ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை காலம் நாங்கள் எல்லோரும் அங்கே தடுமாறிவிட்டு விதியைத் திட்டிக்கொண்டிருந்தோம். கரியாஹாட்டிலிருந்து உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு படிப்பலகை வந்தது. முதலில் தாழ்வாக, பிறகு எங்கள் படி உயரத்துக்கு, கடைசியில் அந்தத் திருப்பத்துப் படி உயரத்துக்கு வைத்து மாமி ஏறி இறங்கிப் பழகினார். உட்கார்ந்து எழுவதைக் கேமராவில் பார்த்துச் சரிபார்க்கிற ஆப் ஒன்றையும் போனில் போட்டார். அதிலிருந்து ஒரு பெண்குரல் "குட் ஜாப்" என்றது. "யாரு இவ, எனக்கு மார்க் போடறதுக்கு?" என்றார் மாமி. குரல் அணைக்கப்பட்டது. குலுக்குப் பலகை மட்டும் அரிசிக்காக வீட்டில் தங்கியது, மற்றதெல்லாம் வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் கூத்து. குந்தி எழுகிற பயிற்சிக்குக் கூடத்தில் கோணி விரித்து, தலையில் சிவப்பு கம்சாத் துண்டைக் கட்டிக்கொண்டு, சாரே காய்கறிக்காரராக உட்கார்ந்துவிட்டார். எதிரே மாமி முதலில் நாற்காலியில், அப்புறம் முக்காலியில், அப்புறம் மணையில். குளிர்காலத்தில் இளசு கிடைக்குமா? கிடைத்த முத்தலைத்தான் கோணியில் பரப்பியிருப்பார். மாமி நுனியை ஒடிப்பார். சார் தன் ஓட்டை வங்காள மொழியில், "பாங்பேன் நா, மாஷிமா! ஒடிக்காதேங்கோ மாமி!" என்று அலறுவார். "இதைக் காய்னு சொல்ல உனக்கு வெக்கமா இல்லை?" என்று மாமி பாய்வார். தினமும் காலையில் கட்டடம் முழுக்கக் கேட்கும். என் சைக்கிள் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே யாரோ மாடியில் காய் விற்கிறார்கள் என்று கோஷ் பாபு கீழேயிருந்து, உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று குரல் கொடுத்தார்.

ஹோலி முடிந்து வெண்டைக்காய் இளசாக வரத் தொடங்கிய ஒரு காலையில், மாமி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாடிக்கு மாடி கதவு திறந்திருந்தது. எல்லோருக்கும் அதே நேரத்தில் கால்மிதியை உதற வேண்டியிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். சார் நாலு படி முன்னால், மாமியைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினார். கை கொடுக்கக் கூடாது என்று கட்டளை. அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார்.

திருப்பம் வந்தது. மாமி நின்றார். அந்த உயரமான படியைப் பார்த்தார். அடுப்பில் ஏதோ வைத்ததாகச் சொல்லிவிடுவாரோ என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குறுக்கே நிக்காதேங்கோ, படி மறைக்கறது" என்றார் சாரைப் பார்த்து. இறங்கிவிட்டார்.

மார்க்கெட் முனையில் கோணி விரித்திருந்த அந்தக் காய்கறிக்காரர் மாமியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "மாஷிமா! இத்தனை நாள் எங்கே போனீங்க?" என்று வங்காள மொழியில் கேட்டார். மாமி அவர் எதிரே மெல்லக் குந்தினார். ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். டக். இன்னொன்று. டக். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமிக்கு முகம் வாடிவிட்டது. "ஏன், திட்ட மாட்டியா?" என்றார்.

காய்கறிக்காரருக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்: "பாங்பேன் நா, மாஷிமா! எல்லாத்தையும் ஒடிச்சா நான் யாருக்கு விக்கறது?"

மாமி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அவரும் தன் பங்குக்குத் திட்டித் தீர்த்து, இளசாகப் பொறுக்கிப் பையில் போட்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார். பாதியில் லேசாக ஒரு ஆட்டம். சாரின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து பறந்து முன்னால் வந்தது; தொடாமல், அந்தரத்திலேயே நின்றது. மாமி தானாகவே நிமிர்ந்தார். தலைப்பை உதறிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார்.

அப்போது சார் தன் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் துடித்தது. எட்டிப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே இதயம் வேகமாக அடிக்கிறது, உட்கார்ந்து ஓய்வெடுங்கள் என்று எச்சரித்துக்கொண்டிருந்தது. சாருக்கு அது தெரியவே இல்லை. கண் நிறையத் தண்ணீரோடு, முன்னால் போகிற மாமியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு எதுக்கு சார் இப்படி அடிச்சுக்குது?" என்றேன்.

"சும்மாம்மா" என்றார்.

வாழ்நாள் முழுக்க யாரிடமிருந்தும் அவர் ஏற்றுக்கொள்ளாத பதில். நான் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டேன்.