கேம் பெட்டி வாங்கப்போகிறவர்

“தேவையை முன்கூட்டியே உணர்ந்து, சந்தையை நடுநிலையோடு ஆராய்ந்து, தக்க பொருளைக் காலதாமதமின்றித் தேர்ந்து பெற்றுத்தரும் ஆற்றல் உடையவர்.” ஒரு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரைப் பற்றி அவருடைய நியமனக் கடிதம் சொல்வது இது. கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை என்று தெரிகிறது.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு டார்ச் விளக்கைப் பன்னிரண்டு முறை போட்டு அணைத்து, அதன் அடிப்பாகத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பதையெல்லாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்து, இதே விளக்கு வேறு நிறத்தில் உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும் முகம் வாடி, “அப்ப ரெண்டையும் பார்த்துட்டுத்தான் சொல்லணும்” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாரே, அவர்தான். ஆராய்ந்து வாங்குபவர் என்பது இந்த இனத்தின் பெயர். ஆராய்ந்ததைப் பார்த்தவர்கள் ஏராளம். வாங்கியதைப் பார்த்தவர்கள் குறைவு.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குப் பையில் கை போகாது. இவருக்குக் கை எப்போதும் பையிலேயே இருக்கும். வெளியே எடுக்கத்தான் தோதான தருணம் வாய்ப்பதில்லை. சோம்பேறியும் அல்ல. ஒன்றை வாங்காமல் இருப்பதற்கு இவர் படும் பாட்டில் நாலு பேர் நாற்பது சாமான் வாங்கிவிடலாம். அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு நாற்காலி வாங்கும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். முதுகுத்தண்டு பற்றிய இரண்டு தடிப் புத்தகங்களைப் படித்து, ஒன்பது மாதிரி நாற்காலிகளில் தலா அரை நாள் உட்கார்ந்து பார்த்து, பத்தாவதற்கு எழுதிப் போட்டிருந்த சமயம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வீண்செலவைத் தவிர்த்தார் என்று நிர்வாகம் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அதோடு போயிற்று. மனிதர் கெட்டே போனார்.

வீட்டில் இவருக்கு ஒரு மனைவி, நாலு பிள்ளைகள். மனைவி பல் மருத்துவர். எந்தப் பல் என்று பார்ப்பார், பிடுங்குவார், அடுத்தவரைக் கூப்பிடுவார். மூத்தவளுக்குப் பதினேழு வயது. அடுத்து பதினோரு வயதில் இரட்டைப் பையன்கள். அப்பாவுக்குக் ‘கமிட்டி’ என்று பட்டப்பெயர் வைத்தது அவர்கள்தான். கடைசி, ஆறு வயதுக் குட்டி.

மூத்தவளின் இறுதிப் பரீட்சை முடிந்தால் வீட்டுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வரும் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மூத்தவளுக்கு விளையாட்டுப் பித்து ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு வருஷமாகப் படிப்பு படிப்பு என்று அவள் ஒரு கதவுக்குப் பின்னாலும் மற்ற மூன்றும் கதவுக்கு முன்னாலும் வளர்ந்துவிட்டன. பரீட்சைக்கும் கல்லூரி விடுதிக்கும் நடுவில் அறுபது நாள் இருந்தது. அந்த அறுபது நாளில் நாலு பேரும் ஒரே தரையில் உட்கார்ந்து, ஒரே திரையைப் பார்த்து, ஒன்றாகக் கத்த வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நம்மவர் முதல் நாளே வேலையில் இறங்கிவிட்டார். வேறொருவராக இருந்தால் கடைக்குப் போயிருப்பார். இவர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, “உங்க தேவை என்னன்னு எழுத்து மூலமா கொடுங்க” என்றார். இரட்டையர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதிய இரண்டு தாளிலும் ஒரே வாசகம் இருந்தது: ‘சண்டை. சத்தமா.’ குட்டி ஒரு பூனையை வரைந்து, ‘இது ஓடணும். நான் சொன்னா நிக்கணும்’ என்று எழுதியிருந்தது. மூத்தவள், ‘நாலு பேரும் ஒரே நேரத்தில். நான் போறதுக்குள்ள’ என்று எழுதினாள். கொள்முதல் மேலாளர் நாலு தாளையும் கோப்பில் போட்டு, முப்பத்தாறு தகுதிகள் கொண்ட ஓர் அட்டவணை தயாரித்தார். விசிறிச் சத்தம், சூடு, தூசி, மின்சாரம், முனைகளின் கூர்மை, கம்பியின் நீளம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நான் போறதுக்குள்ள என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. அது பொருளின் தகுதி அல்லவாம்.

போட்டியில் மூன்று பெட்டிகள் இருந்தன: கறுப்பு, வெள்ளை, கையில் எடுத்துக்கொண்டு போகிற சின்னது. மூன்றைப் பற்றியும் இணையத்தில் வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். எல்லாம் என்றால் எல்லாம் அல்ல. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் கம்பெனிக்காரனுக்குச் சொந்தக்காரர்கள் என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒற்றை நட்சத்திரக்காரன்தான் உண்மை விளம்பி. கறுப்புப் பெட்டியைப் பற்றி எட்டாயிரம் பேர் மகிழ்ந்து எழுதியிருக்க, தன் பெட்டிக்குள் பல்லி புகுந்துவிட்டது என்று ஒரே ஒருவர் புலம்பியிருந்தார். நம்மவர் பேனாவை எடுத்து, முப்பத்தேழாவது தகுதியாக ‘பல்லி’ என்று எழுதிக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் கடைக்குப் போனார். விற்பனையாளர் சிரித்த முகமுள்ள மனிதர், அப்போது. நம்மவர் வெள்ளைப் பெட்டியின்மேல் குனிந்து, நெஞ்சில் காது வைத்துப் பார்க்கும் வைத்தியரைப் போலக் காதை ஒட்டவைத்தார்.

“ஒரு உறுமல் கேட்குதே.”

“சார், அது மேல இருக்கிற ஏசி.”

“அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

ஏசி நின்றது. கடையில் இருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்பவும் லேசா இருக்கு. நீங்களே வந்து கேளுங்க.”

விற்பனையாளரும் குனிந்து காதை வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, ஒரே தலையணையில் படுத்தவர்கள் மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

“சார், பெட்டி இன்னும் ஆன் பண்ணவே இல்ல.”

“அணைச்சு வெச்சிருக்கும்போதே இப்படி. ஓடினா என்ன ஆகும்?”

விற்பனையாளர் மென்று விழுங்கி, “அப்ப கறுப்பு எடுத்துக்கலாமே சார்” என்றார். கறுப்பில் பல்லி வருமா என்று நம்மவர் கேட்டார். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் நாலு கன்ட்ரோலர் ஒரே சமயத்தில் சார்ஜ் இறங்கினால் முதலில் யாருடையதை ஏற்றுவது என்று கம்பெனி ஏதாவது வழிகாட்டுதல் வைத்திருக்கிறதா என்றும் கேட்டார். இப்படியே கடை மூடும்வரை போயிற்று. கிளம்பும்போது நம்மவர் அவர் கையைப் பிடித்து அன்போடு குலுக்கி, இந்த இனம் முழுவதற்கும் பொதுவான அந்த வாசகத்தைச் சொன்னார்: “எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்.”

அந்த ஒண்ணே ஒண்ணு எத்தனை என்று எண்ணியவர் யாரும் இல்லை.

முப்பதாம் நாள் பல் மருத்துவர் தலையிட்டார்.

“வர்ற வழியில நான் வாங்கிட்டு வந்துடவா?”

“தாராளமா. ஆனா எதை?”

“இருக்கறதை.”

“பிரிட்ஜையும் அப்படித்தான் வாங்கின.”

அதோடு பேச்சு முடிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் இருபது நிமிஷத்தில் ஒரு பிரிட்ஜ் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அதன் கதவைத் திறக்கும்போதெல்லாம் நம்மவர், “பார்த்தியா, இடது பக்கம் திறக்குது” என்று சொல்லிவருகிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு எங்கேயோ போகும். இன்னொரு சாமானுக்கு அந்த வாயைத் திறந்துவிட அந்த அம்மாள் தயாராக இல்லை. பிடுங்க முடியாத பல்லும் உண்டு என்று தொழிலில் கற்றவர்.

மூத்தவள் கதவில் ஒரு நாள்காட்டி மாட்டியிருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அடிக்கிற கோடுதான் வரவர அழுத்தமாக விழுந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் முடிவு வெளியாயிற்று. நம்மவர் எல்லோரையும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, அட்டவணையை விரித்தார். கறுப்புக்கு நூற்றுக்கு அறுபத்தெட்டு. வெள்ளைக்கு அறுபத்தெட்டு. சின்னதுக்கு அறுபத்தேழரை. நாலாவதாக இன்னொரு பெயர் இருந்தது, அதற்குத் தொண்ணூற்றிரண்டு.

“அது என்னப்பா நாலாவது?” என்றாள் மூத்தவள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதை ஒப்பிட்டாலும் ‘ஒன்றும் வாங்காமல் இருத்தல்’ என்பதையும் ஒரு போட்டியாளராகச் சேர்த்து மதிப்பெண் போட வேண்டும் என்பது அலுவலக விதி. சும்மா ஒப்புக்குத்தான் சேர்ப்பார்கள். அலுவலகத்தில் அது என்றும் முப்பதைத் தாண்டியதில்லை. ஆனால் இங்கே அதற்கு விசிறிச் சத்தம் இல்லை, சூடு இல்லை, தூசி அடையாது, மின்சாரம் தின்னாது, முனை குத்தாது, பல்லியும் புகாது. கட்டத்துக்குக் கட்டம் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அது போய்க்கொண்டே இருந்தது.

“நானே எதிர்பார்க்கலை” என்றார், நிஜமாகவே அதிர்ந்துபோய். “கூட்டினதுல எங்கேயோ தப்பு இருக்கணும்.”

“தப்பெல்லாம் இல்ல கமிட்டி, கரெக்டா இருக்கு” என்றான் இரட்டையரில் ஒருவன்.

“அதுல பூனை இருக்கா?” என்று கேட்டது குட்டி.

மூத்தவள் அட்டவணையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “ஜெயிச்சது அதுதானே? அப்ப அதையே விளையாடறோம்” என்று தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபமா, கேலியா என்று நம்மவருக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல இரண்டு சாத்தியங்களையும் எழுதிவைத்துக்கொண்டார்.

அடுத்த பத்து நாள் வீடு ஏனோ கலகலப்பாக இருந்தது. நம்மவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. புது மாடல் ஒன்று வரப்போவதாக ஒரு வதந்தி வந்திருந்தது. ஐம்பத்தைந்தாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து விளம்பரத் தாள்களோடு திரும்பியவர், கூடத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

தரையில் ஒரு பிஸ்கட் டப்பா, ஒரு செருப்புப் பெட்டி, ஒரு சோப்பு டப்பா வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மூத்தவள் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு கடைக்காரராக நின்றாள். குட்டி, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிஸ்கட் டப்பாமேல் காதை வைத்துக் கவிழ்ந்திருந்தது. இரட்டையர்களில் ஒருவன் கேள்விகளை எண்ணிக்கொண்டிருந்தான். மற்றவன் ஏசி, உறுமிக்கொண்டிருந்தான்.

விதிகள் எளிமையானவை. ஒருவர் அப்பா. அவர் நிறுத்தாமல் புதுப்புதுக் கேள்வியாகக் கேட்க வேண்டும். கேட்டதையே கேட்டால் அவுட். கடைக்காரர் சாமர்த்தியமாகப் பேசி, “சரி, இதையே குடுங்க” என்று சொல்ல வைத்துவிட்டாலும் அவுட்.

“இதுக்குள்ள பூனை இருந்தா மூச்சு விடுமா?” என்றது குட்டி.

“தாராளமா விடும் சார். மூணு வருஷம் வாரண்டி.”

“பூனைக்கா, மூச்சுக்கா?”

“பத்தொன்பது” என்றான் எண்ணுகிறவன்.

மூத்தவளால் அதற்குமேல் கடைக்காரராக இருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இரட்டையர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நாலு பேரும் ஒரே தரையில் கிடந்து கத்தினார்கள். நம்மவர் விளம்பரத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இந்தக் காட்சிக்கும் அவரிடம் கட்டம் இல்லை.

இந்த இடத்தில் மனிதர் நெஞ்சு இளகி, திரும்பிக் கடைக்கு ஓடியிருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நல்லது. போன மழைக்கு முன்னால் குடை பார்க்கப் போன நீங்கள் எத்தனை குடைகளை விரித்தீர்கள்? எந்தக் குடையோடு திரும்பினீர்கள்? அவசரப்பட வேண்டாம் என்று சொன்னது யார்? நனைந்தது யார்? சிரிப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். உங்களுக்கும் ஏதாவது பட்டப்பெயர் இருக்கலாம். உங்களிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

அவர் கடைக்கு ஓடவில்லை. தாள்களை மேஜையில் வைத்தார். நாலு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தி, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார்கள். அவர் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “அடுத்த அப்பா யாரு? நான் வரட்டுமா?” என்றார்.

“நீங்க வந்தா ராத்திரி வரைக்கும் போகும்ப்பா” என்றான் இரட்டையரில் ஒருவன் கலவரத்தோடு.

மூத்தவள் டையைச் சரிசெய்துகொண்டாள். பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து நீட்டி, “வாங்க சார். இது புதுசா வந்திருக்கு” என்றாள். எண்ணுகிறவன் விரலை மடக்கத் தயாரானான்.

அவர் எதுவும் கேட்கவில்லை. “சரி, இதையே குடுங்க” என்றார். டப்பாவை வாங்கினார். ரசீது மட்டும் கேட்டு, எழுதச் சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.