பெயர் எழுதாத சுவிட்ச்

எனக்குத் தெரியாததெல்லாம் ஆபத்தானது என்று நம்பும் ரகம் நான். தெரிந்தவை எனக்குச் செய்த கெடுதல்களை யோசித்தால் இது நியாயமே இல்லை, ஆனாலும் திருந்தவில்லை.

எழுபதுகளின் நடுவில் தேவிகுளத்துக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியில் எனக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால்தான் வேலை நிரந்தரம். அங்கே எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து வேர் உள்ளவர்கள், பெரும்பாலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் “ஏனுங்க” என்று ஆரம்பித்தாலே சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒன்றரை மாதத்தில் நான் அதிகம் பேசியது என் ஸ்டவ்விடம்தான். (அது பதிலுக்குப் புகை விடும்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுச் சர்ச்சில் அசனம். ஊரே கூடிச் சமைத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஒரு வாரமாக எல்லார் வாயிலும் அதே பேச்சு. என்னிடம் மட்டும் யாரும் “வந்துருங்க” என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் விசேஷத்துக்குப் போவோம். கூப்பிடாமல் போனால் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். சனிக்கிழமை மாலை வரை காத்திருந்து பார்த்துவிட்டு, ஃபேக்டரிப் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ஞானமுத்து அண்ணாச்சியிடம், “நாளைக்கு ஃபேக்டரிய நானே பாத்துக்கறனுங்க” என்று வீறாப்பாகச் சொன்னேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “ஒங்க இஷ்டம் தம்பி. ஆளில்லாத நேரத்துல ஏதாச்சும் ஓடிக் கெடந்து தீப்பிடிச்சிட்டுன்னா ஒங்க வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும். பாத்துக்கிடுங்க.”

மறுநாள் மெஷின் ஒன்றும் ஓடாத ஃபேக்டரியில் நான் மட்டும். மேட்டிலிருந்து பாட்டும் சிரிப்பும் இறங்கி வந்தன. என் முன்னால் தூக்குப்போசியில் தயிர்சாதம். அழுகை வந்தது. வந்ததென்ன, அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கேயோ மெல்லிசாக, விடாமல் ஒரு முனகல். மற்ற நாட்களில் ஃபேக்டரி இரைச்சலில் அது காதில் விழுந்ததே இல்லை.

சுவரில் ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் அதன் மெஷின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அவை எல்லாம் அணைந்திருந்தன. மூலையில் பெயர் எழுதாத ஒன்று மட்டும் போட்டபடி இருந்தது. விசாரணையைத் தொடங்கினேன். தொட்டேன்: வெதுவெதுப்பு. முகர்ந்தேன்: ரப்பர் வாசம் (என் செருப்பாகவும் இருக்கலாம்). ரிஜிஸ்தரைப் புரட்டினேன்: இப்படி ஒரு மோட்டாரே கிடையாது. ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்பக்கப் புதருக்குள் போனது. யோக்கியமான மோட்டாருக்குப் புதருக்குள் என்ன வேலை?

மேட்டுக்குப் போய்க் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் சோற்றுக்கு வழி பார்த்து வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டால்? மானம் தடுத்தது. சுவிட்சை அணைத்தேன். தோட்டத்தையே காப்பாற்றிய பெருமிதத்தோடு ரிஜிஸ்தரில் ‘அடையாளம் தெரியாத மோட்டார் நிறுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அரை மணி நேரத்தில் பாட்டு நின்றது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி ஓடிவந்தார்.

“தம்பி, கரண்டு போயிட்டோ?”

“இல்லீங்களே.”

“பம்பு நின்னுட்டே! ஓடைத் தண்ணி மேல ஏறல. அம்புட்டுப் பேருக்கும் அரிசி பாதி வெந்து கெடக்கு!”

ரிஜிஸ்தரைத் திறந்து காட்டினேன். படித்தார்.

“அடையாளம் தெரியாத மோட்டாரா? தெனமும் காலைல ஒரு மணி நேரம் ஓடுது தம்பி. நீங்க குளிக்கிற தண்ணியே அதுலதான வருது! இன்னைக்கு அசனம்னு விடாம ஓட்டுதோம்.”

மறுபடி போட்டோம். பம்புக்குள் காற்று புகுந்துவிட்டது. தண்ணீர் இழுக்க மறுத்தது. கடைசியில் ஓடையிலிருந்து சர்ச் வரை ஆட்கள் வரிசையாக நின்று குடம் கை மாற்றினோம். என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அன்று நான் யார் என்பது தெரிந்துவிட்டது.

சரியாக வேகாமல் நறுக்கரிசியாகிப்போன சோற்றை மூன்று மணிக்குப் பரிமாறினார்கள். நழுவப் பார்த்தேன். அண்ணாச்சி கையைப் பிடித்தார்.

“எங்க போறிய?”

“என்னைய யாருமே கூப்பிடலீங்களே” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“அசனத்துக்கு யாரத் தம்பி கூப்பிடுவாக? மணி அடிச்சா வரணும், அம்புட்டுதான். நீங்கதான ஃபேக்டரியப் பாத்துக்கிடுதேன்னிய? நம்ம சோறு அவருக்கு ஆவாது போலன்னு எங்க வீட்டுல ஒரே வருத்தம்.”

நான் தனியாக விடப்பட்டேன் என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன். அவர்களோ நான் அவர்களைத் தள்ளி வைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. (நறுக்கரிசியும் ஒரு காரணம்.) மேலிடத்துக்கு அண்ணாச்சி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வேலை நிலைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதை என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகள் இதைக் கேட்டே வளர்ந்தாள். இப்போது அவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். மனைவி காலமாகி இரண்டு வருடமாகிறது. போன மாதம் என் கம்ப்யூட்டரில் பெயர் புரியாத ஏதோ ஒன்று தானாக ஓடுவதாகத் திரையில் காட்டியது. போனில் அவளைக் கேட்டேன்: “நிறுத்தட்டுமா?”

“அப்பா, கைய எடுங்க! யார் சோறு வேகுதோ, நான் பாத்துச் சொல்றேன்” என்றாள்.

அவள் பார்த்து, அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் வேண்டாததுதான், நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். நான் நிறுத்தவில்லை. வீட்டில் என்னைத் தவிர அது ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கட்டும்.