ஆறும் பத்திரமாக இருக்கிறது

துக்கத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நல்ல தட்டுகளை விருந்தாளிக்கென்று அலமாரியில் பூட்டிவிட்டு, நெளிந்த தட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு நெருங்கிய சொந்தம். பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பம்ப் கம்பெனி ஸ்டோர் கீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் அவரிடமிருந்து ஒரு வாஷர் வெளியே போகாது. சீட்டோடு போனாலும், இருப்பதே கடைசி இரண்டு, அப்படியென்ன அவசரம் என்று கேட்பார். தம்பி செத்துப்போனதிலிருந்து வீட்டில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. வேலையிலிருந்து வந்ததும் ஹெல்மெட்டோடு நாற்காலியில் உட்காருவார். முக்கால் மணி நேரம் அப்படியே.

“அதையாவது கழட்டுங்க. யார்கிட்ட பேசுறேன்னு எனக்கும் தெரியணும்ல” என்பாள் மனைவி.

கம்பெனி இன்சூரன்ஸில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஆறு தடவை கவுன்சலிங் இலவசம். அட்டை பர்ஸிலேயே இருந்தது. போனாரா? எப்படிப் போவார்? தம்பிக்கே ஒன்றை எடுத்துவிட்டால், நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது வந்து நின்றால் என்ன செய்வது? சரி, கைக்காசு கொடுத்துப் போகலாமே என்றால், ஒரு மணி நேரக் கட்டணத்தை நிமிஷத்துக்கு வகுத்து, மூக்கு சிந்துவதற்கு எவ்வளவு ஆகும் என்பதுவரை கணக்குப் பார்த்து, இலவசமாக ஆறு இருக்கும்போது காசு கொடுத்து அழ நமக்கென்ன கிறுக்கா என்று முடித்தார். இலவசம் என்பதால் தொடவில்லை, காசு என்பதால் போகவில்லை. பதினோரு மாதம் ஓடியது.

“வருஷம் முடியறதுக்குள்ள யார்கிட்டயாவது பேசிடுங்க. இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாளைக்கு இல்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. கட்டிலின் மேல் பை இருந்தது, துணி அடுக்கி.

வருஷத்தின் கடைசி நாள் போனார். பைக்குப் பயந்து பாதி, ஆறும் காலாவதியாகிவிடுமே என்று பாதி. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அட்டையை நீட்டினார்.

“ஆறையும் இன்னிக்கே எடுத்துக்கலாமாம்மா?”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “ஒண்ணுகூட இல்லையே சார்.”

“நான் ஒரு நாள்கூட வரலையே.”

“உங்க வீட்டம்மா வந்தாங்களே. கடைசியா போன செவ்வாய்க்கிழமை.”

இருபத்தாறு வருஷ வேலையில், அவருக்குத் தெரியாமல் இருப்பு காலியானது இதுதான் முதல் தடவை. எதற்காக எடுத்திருப்பாள்? யோசித்துக்கொண்டே நெற்றியைத் துடைக்கப் போனார். விரல் கண்ணாடியில் இடித்தது. ஹெல்மெட் இன்னும் தலையில் இருந்தது.

கழற்றினார். பர்ஸைத் திறந்து ஒரு மணி நேரத்துக்கு முழுசாகக் கைக்காசு கொடுத்தார். உள்ளே போய்த் தம்பி பெயரைச் சொல்வதற்கே பத்து நிமிஷம் ஆயிற்று. நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

அன்றைக்கு வீட்டில் அவர் பேசினார், கோர்வையில்லாமல், சாப்பாடு ஆறும்வரை. கேட்டு முடித்த மனைவி பையிலிருந்து இரண்டு துணியை எடுத்துப் பீரோவில் வைத்தாள். மீதி இன்னும் பையில்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் அட்டையில் எத்தனை மிச்சம்? எல்லாம் பத்திரமாக இருக்கும் என்கிறீர்களா? எதற்கும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். கேட்பதற்கு முன் தலையையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.