ஆறடி நாலு அங்குல மருமகன்

குடிவரவு அலுவலகத்துக்கே தெரியாத தமிழர்கள் லண்டனில் இருந்திருக்கலாம். ஆனால் ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு ஆள்பிடியாருக்குத் தெரியாமல் இருந்த தமிழன் ஒருவன்கூட இல்லை.

யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களைக் கல்லூரி என்றுதான் சொல்வோம். அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஆறு சேர்ந்து, கோடையில் ஒரு நாள், வெம்பிளிப் பக்கத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தை எடுத்துக் கூடைப்பந்துப் போட்டி நடத்தும். ஐந்து சங்கங்களுக்கு ஆட்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். எங்களுடையது சின்னக் கல்லூரி. லண்டனில் மொத்தம் பத்தொன்பது பேர். அதில் பதினொரு பேருக்கு முழங்கால் என்ற ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. இந்தப் படையை வைத்துக்கொண்டு போட்டிக்கு அணி சேர்க்கிற பொறுப்பு ஆள்பிடியாருடையது. அந்த வேலையால் வந்த பெயர்தான் அது.

பிழைப்புக்கு அவர் மினிகாப் ஓட்டினார். ஆள் ஏறியதும் கண்ணாடியைத் திருப்புவார். பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க அல்ல, ஏறியவரின் தலைக்கும் காரின் கூரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க. தலை கூரையில் முட்டினால் பாதிச் சவாரி இலவசம். ஆர்ச்வே முருகன் கோயிலில் எல்லோரும் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட, இவர் மட்டும் கும்பிட்டபடி சனத்தின் தலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எட்மண்டனில் ஒரு மரணச் சடங்கு. பெட்டி தூக்கிய ஆறு பேரில் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அவன் பக்கம் உயர்ந்து பெட்டி சரிந்தபடியே போனது. ஆள்பிடியார் மெல்ல அவனருகே போனார்.

"தம்பி, நீர் எத்தனை அடி?"

"அண்ணை, செத்தவர் என்ரை சித்தப்பா."

"ஓம் ஓம், ஆழ்ந்த அனுதாபம். ஆறு மூண்டு வருமோ?"

"ஆறு ரெண்டு," என்றான் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு வந்துவிட்டான்.

மற்றக் கல்லூரி ஆட்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எதிரணியின் நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்குத் திடீரென்று எங்கள் கல்லூரியில் மூன்றாம் வகுப்புப் படித்தது நினைவுக்கு வந்தது. நினைவு வந்த அதே மாதம் அவருடைய மாமியார் கனடாவிலிருந்து வந்து போனார். ஹீத்ரோவுக்குப் போன சவாரியும் வந்த சவாரியும் ஆள்பிடியாருடையவை, இலவசமாக. மற்றச் சங்கங்களும் இதைத்தான் செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சங்கம் பாரிஸிலிருந்து ஒரு குடும்பத்தையே வேனில் இறக்கியது. ஆனால் அவர்கள் பிடிபடவில்லை. நாங்கள் பிடிபட்டோம், அதுவும் இரண்டு தரம்.

முதல் தரம் பிடிபட்டவர் வெம்பிளியில் ஐ.டி. வேலை செய்த கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். ஒரு மாதம் ஆள்பிடியார் காருக்குள் வைத்தே அவருக்கு எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் படிப்பித்தார். போட்டியின் விதிகளுக்குப் பொறுப்பான ஒரு பெரியவர் இருந்தார். ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். விதிகளை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் வைத்துக் கொண்டு திரிவதால் சட்டத்தார் என்போம். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூர்க்காரர் சரியாகப் பதில் சொன்னார். படித்த ஆண்டு, கல்லூரி அதிபர் பெயர், வாசல் கேற்றுக்கு முன்னால் இருந்த கடை, எல்லாம் சரி. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம் யாரோ ஒருவரின் முழங்கை அவர் மூக்கில் இடித்தது.

"ஏனுங்க, பாத்து ஆடக் கூடாதுங்களா?" என்று கத்தினார்.

சட்டத்தார் பையைத் திறந்தார்.

இரண்டாவது ஆள் லித்துவேனியாக்காரர். வீடு கட்டுகிற வேலை. ஆறடி ஆறு அங்குலம், பொன் நிறத் தலைமயிர். படிவத்தில் அவர் பெயர் தவராசா.

"இவர் எங்கட ஆளோ?" என்றார் சட்டத்தார்.

"சின்னனிலையே இஞ்ச வந்திட்டார். வெயில் படேல்லை," என்றார் ஆள்பிடியார்.

சட்டத்தார் நேரே கேட்டார். "தம்பி, உம்மட தகப்பன் பேர் என்ன?"

"ஓம்."

"எந்த ஆண்டு படிச்சனீர்?"

"ஓம்."

"உமக்கென்ன விசரோ, பைத்தியமோ?"

"ஓம்," என்றார் தவராசா பணிவாக. ஆள்பிடியார் 'ஆம்' என்பதற்கான அந்த ஒரு சொல்லைத்தான் படிப்பித்திருந்தார்.

அன்றைக்குச் சட்டத்தார் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். இன்னுமொரு தரம் கள்ள ஆள் பிடிபட்டால் எங்கள் கல்லூரி இந்தப் போட்டியில் இனி என்றைக்கும் இல்லை.

நான் அதிகம் கதைக்கிறவன் அல்ல. ஓ.எல். பரீட்சை வரை படித்தவன், பலசரக்குக் கடையில் வேலை. போட்டியில் ஸ்கோர் எழுதுவதும் எங்கள் சங்கத்தின் படிவங்களை நிரப்புவதும் என் பொறுப்பு. அந்த வேலைகளுக்கு வாய் தேவையில்லை. ஆனாலும் அன்றைக்கு அவரைக் கேட்டேன், "ஏன் அண்ணை இவ்வளவு பாடு?" என்று.

"தம்பி, வருசத்தில ஒரு நாள்தான் எங்கட கல்லூரியின்ரை பேரை மைக்கில சொல்லுறாங்கள். அதுவும் நிண்டுதெண்டால் நாங்கள் ஒரு இடத்திலயும் படிக்காத ஆக்கள்," என்றார். பிறகு கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார்.

பழைய மாணவர்களுக்கு வயதாகிக்கொண்டு போனதால் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். பழைய மாணவரின் மகன், பேரன், மருமகனும் விளையாடலாம். இந்த வரியை ஆள்பிடியார் வாசித்த வாரத்தில்தான் ரூபன் அவருடைய காரில் ஏறினான். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவன், இருபத்தெட்டு வயது. எட்மண்டனில் ஒரு பண்டகசாலையில் ஷிப்ட் வேலைக்கு வந்திருந்தான். ஜெர்மனியில் கிளப்புக்கு விளையாடியவன். ஆறடி நாலு அங்குலம். தலையைச் சரித்து வைத்துக்கொண்டுதான் காரில் இருந்தானாம். ஆள்பிடியார் கூப்பிட்டதும் வந்துவிட்டான். "எனக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாது அண்ணை. சனிக்கிழமையில ஆரும் கூப்பிட்டாலே போதும்," என்று பிறகு என்னிடம் சொன்னான்.

ஆள்பிடியார் கடைக்கு வந்து படிவத்தை என் முன்னால் போட்டார்.

"உறவுமுறை எண்ட இடத்தில மருமகன் எண்டு எழுதும்."

அவருக்கு ஒரே ஒரு மகள், தர்சினி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. கலியாணம் ஆகவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணை, தர்சினிக்கு..."

"நான் உம்மைக் கேட்டனானோ? எழுதும்."

எழுதினேன். ரூபனுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

போட்டி நாள். அரையிறுதியில் பாதி நேரத்துக்குள்ளேயே ரூபன் தனியாக இருபத்திரண்டு புள்ளிகள் போட்டுவிட்டான். எங்கள் கல்லூரியின் வரலாற்றில் அவ்வளவு புள்ளியை நான் எழுதியதே இல்லை. பேனை மை முடிந்துவிடுமோ என்று பயந்தேன். இடைவேளை விட்டதும் சட்டத்தார் வந்தார்.

"இது ஆர்?"

"என்ரை மருமகன்," என்றார் ஆள்பிடியார்.

"கலியாணத்துக்கு எனக்குச் சொல்லேல்லையே?"

"சுருக்கமா வைச்சனாங்கள்."

"எவ்வளவு சுருக்கம்?"

"எழுத்து மட்டும்தான்."

எங்கள் ஆட்களில் முதலில் சட்டப்படி பதிவு செய்வார்கள். அதை எழுத்து என்போம். தாலி கட்டுவதும் மண்டபமும் சாப்பாடும் பிறகு ஆற அமர நடக்கும். ஆகவே அந்தப் பதிலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"சரி, அப்ப பொம்பிளையைக் கேப்பம்," என்றார் சட்டத்தார்.

பொம்பிளை, அதாவது தர்சினி, மண்டப வாசலில் தாயோடு நின்று மட்டன் றோல்ஸ் விற்றுக்கொண்டிருந்தாள். சட்டத்தார் பிளாஸ்ரிக் பையோடு முன்னால் போக, ஆள்பிடியார் தொப்பியைக் கையில் கசக்கியபடி பின்னால் போனார். நான் ஸ்கோர் தாளை விட்டுவிட்டு ஓடினேன்.

"பிள்ளை, அங்க பந்தோட நிக்கிறவர் உமக்கு என்ன முறை? எழுத்து முடிஞ்சுதெண்டு அப்பா சொல்லுறார்."

தர்சினி ரூபனைப் பார்த்தாள். அவன் முகத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தரம். பிறகு சட்டத்தாரின் தோளுக்கு மேலால் தகப்பனைப் பார்த்தாள். அவர் ஒரு சாடையும் காட்டவில்லை. பேச்சுப் போட்டியில் அடுத்த வரியை மறந்துவிட்ட பிள்ளையைப் போல நின்றார்.

"என்ரை ஹஸ்பண்ட். எழுத்து முடிஞ்சுது," என்றாள் தர்சினி. "றோல்ஸ் ஒண்டு சாப்பிடுறீங்களா, அங்கிள்?"

தாய் கையிலிருந்த தட்டை மேசையில் வைக்க நினைத்து நிலத்தில் வைத்துவிட்டார்.

நாங்கள் அரையிறுதியில் வென்றோம். ஆனால் செய்தி பந்தைவிட வேகமாக ஓடியது. அரை மணித்தியாலத்துக்குள் ரொறன்ரோவிலிருந்து தர்சினியின் பெரியம்மா ஒருவர் தொலைபேசி எடுத்து, தன்னைக் கூப்பிடாத கலியாணம் என்ன கலியாணம் என்று அழுதார். பாரிஸிலிருந்து மாமா எடுத்து, மாப்பிள்ளை பகுதி எந்த ஊர் என்று கேட்டார். றோல்ஸ் மேசைக்குப் பின்னால் ஆள்பிடியாரின் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தொன்பது வருசம் வளத்த பிள்ளையை ஒரு படிவத்தில எழுதிக் குடுத்திட்டியளே!"

ரூபன் என்னிடம் வந்தான். "அண்ணை, நான் கலியாணம் கட்டிட்டனாம். எப்ப?"

"மூண்டு கிழமைக்கு முதல்," என்றேன். "நான்தான் எழுதினனான். மன்னிச்சுக்கொள்ளும்."

அந்தக் குழப்பத்திலும் அவன் விளையாடினான். இறுதிப் போட்டியில் நாங்கள் நாலு புள்ளியால் வென்றோம். மைக்கில் எங்கள் கல்லூரியின் பெயரை மூன்று தரம் சொன்னார்கள். ஆள்பிடியார் ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்தார்.

பிறகுதான் வினை வந்தது. பரிசளிப்பை நடத்தியவர் உற்சாகக்காரர். "எங்கட புது மாப்பிள்ளையும் பொம்பிளையும் மேடைக்கு வந்து கோப்பையை வாங்கட்டும்!" என்று அறிவித்துவிட்டார். மண்டபம் கைதட்டியது. பிரதம விருந்தினருக்கு என்று வாங்கிய இரண்டு மாலைகளில் ஒன்று மேசையில் இருந்தது. விருந்தினர் பெருந்தன்மையாகத் தன் கழுத்தில் கிடந்த மற்ற மாலையையும் கழற்றிக் கொடுத்தார். முன்வரிசைப் பெண்கள், "மாத்துங்கோ, மாலையை மாத்துங்கோ!" என்றார்கள். ஒருவர் வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

தர்சினியின் கையில் மாலை. அவளுக்கு முன்னால், கழுத்தைத் தாழ்த்துவதா நிமிர்த்துவதா என்று தெரியாமல் ரூபன். பக்கத்து மேசையில் கோப்பை. ஆள்பிடியார் மேடைப்படியில் நின்றார். கையை நீட்டினால் கோப்பை தொடுபடும். வாயைத் திறந்தால் கல்லூரி போய்விடும். திறக்காவிட்டால், கேட்காமலே தகப்பனைக் காப்பாற்றிய பிள்ளை நானூறு பேருக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவனுக்கு மாலை போட வேண்டும். தர்சினி அழவில்லை. மாலையின் பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆள்பிடியார் மைக்கைப் பறித்தார்.

"நிப்பாட்டுங்கோ. இவர் என்ரை மருமகன் இல்லை. என்ரை பிள்ளைக்குக் கலியாணம் முடியேல்லை. பொய் எழுதுவிச்சது நான். பிள்ளை எனக்காக ஓம் எண்டது. இந்தத் தம்பிக்கு வாசிக்கத் தெரியாது. கோப்பையை எடுங்கோ." மூச்சு வாங்கினார். "கல்லூரியை மட்டும் வெட்டாதேங்கோ. வெட்டுறதெண்டால் என்னை வெட்டுங்கோ."

சட்டத்தார் பையைத் திறந்தார், மூடினார். கடைசியில் தீர்ப்பு இப்படி வந்தது. கோப்பை எதிரணிக்கு. எங்கள் கல்லூரி இருக்கலாம், ஆனால் அங்கே படித்தவர்கள் மட்டும்தான் விளையாட வேண்டும், மகனும் இல்லை, மருமகனும் இல்லை. ஆள்பிடியார் இனி மண்டபத்துக்குள் கால் வைக்கக் கூடாது, சாகும் வரைக்கும்.

கார் தரிப்பிடத்தில் அவர் ரூபனிடம் மன்னிப்புக் கேட்டார். மனைவி ஒரு பெட்டி இறைச்சிக் கறியை அவன் கையில் கொடுத்து, "சனிக்கிழமையில வாரும். விளையாட இல்லை, சாப்பிட," என்றார். மகள் முன்கதவைத் திறந்தபடி சொன்னாள்: "அப்பா, ப்ளீஸ், எனக்கு இனி நீங்கள் மாப்பிள்ளை பாக்க வேணாம். நீங்கள் உயரம் மட்டும்தான் பாப்பீங்கள்." அன்றைக்கு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த வருடம் எங்கள் அணியில் ஏழு பேர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் இடைவேளைக்கு முன்பே வைத்தியரைத் தேடினார். முடிவு எழுபத்தொன்றுக்கு ஒன்பது. நான் ஸ்கோர் தாளின் பிரதியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஆள்பிடியார் காருக்குள் இருந்தார், கண்ணாடியை இறக்கியபடி.

"எத்தினை தம்பி?"

"ஒன்பது, அண்ணை."

"ஒன்பதோ! ஆர் ஆர் போட்டது?"

ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "எல்லாம் எங்கட அசல் ஆக்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். மைக்கில் பெயர் சொன்னார்களா என்றார். சொன்னார்கள், வெளியே கேட்டிருக்குமே என்றேன். "கேட்டது. நீர் சொல்லக் கேக்க விருப்பம்," என்றார்.

தாளைக் கொடுத்தேன். மேலிருந்து வாசித்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அணிப் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் அவருடைய உண்மைப் பெயரை, தகப்பன் பெயரோடு முழுதாக எழுதியிருந்தேன். தடைபட்டவரின் பெயர் என்பதால் விதிப்படி அது கள்ளம். ஆனால் வேறு எவருடைய பெயரையும் அந்த இடத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.