தெளிந்த புட்டி, கலங்கிய புட்டி

இனி இந்த வீட்டில் நான் எதைச் சாப்பிட வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போது தீர்மானித்தேன். வாய் நிறைய நுரை. அதனால் வெளியே சொல்லவில்லை.

காரணம் இட்லி. மிளகாய்ப்பொடியின் நடுவே விரலால் ஒரு குழி செய்து, அதில் நல்லெண்ணெயைப் பைய ஊற்றினால், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அந்தி வெயில் விழுந்தது போல ஒரு நிறம் வரும். பாளையங்கோட்டையில் ஆயுள் முழுக்கப் பூகோளம் கற்பித்தவன் நான். உலகத்தின் எல்லா ஏரிகளையும் பலகையில் வரைந்திருக்கிறேன். என் மனதுக்கு உகந்த ஏரி அந்தக் குழிதான்.

அது வற்றிவிட்டது. என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், எண்ணெயைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார். கூட வந்திருந்த என் மனைவி ஹெப்சிபா அதில் 'கொஞ்சம்' என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். அன்றே நல்லெண்ணெய் வீட்டைவிட்டுப் போனது. உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று அவளும் வெறும் சட்னியோடு உட்கார்ந்தாள். அதற்கு மேல் வாய் திறக்க முடியுமா?

இத்தாலியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரீபாவுக்குச் செய்தி போயிற்று. அவள் போனில் அழுதாள். பிறகு, இது இதயத்துக்கு நல்லது என்று விடுமுறைக்கு ஊர் வந்த சிநேகிதியிடம் இரண்டு புட்டி ஒலிவ எண்ணெய் கொடுத்துவிட்டாள். இரண்டும் எக்ஸ்ட்ரா வர்ஜினாம். ஒன்று வடிகட்டியது, பால் விடாத தேநீர் போலத் தெளிவு. மற்றது வடிகட்டாதது, முதல் வெள்ளம் வந்த தாமிரபரணி போலக் கலங்கல்.

ரெண்டையும் ருசி பாருங்கப்பா, எது பிடிக்குதுன்னு சொல்லுங்க, ஆயுசுக்கும் அதையே டின் டின்னா அனுப்புதேன் என்றாள் ரீபா.

ருசி பார்த்தேன். தெளிந்தது பச்சைப் புல். கலங்கியது பச்சைப் புல்லும் அதைத் தின்ற மாடும். இட்லி வெட்கப்பட்டுத் தட்டில் கிடந்தது. ஆனால் அத்தனை கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு அப்பா நெடுநாள் இருக்க வேண்டும் என்று அழுகிற பிள்ளையிடம், எனக்கு இரண்டுமே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேர் மட்டும் சாப்பிடுகிற வீட்டுக்கு அவள் குரல்தான் மூன்றாவது தட்டு. மறுப்பு என் வாயிலிருந்து வரக் கூடாது. எண்ணெயின் வாயிலிருந்து வர வேண்டும்.

செல்போனில் தேடிப் படித்தேன். வடிகட்டாததில் காயின் துணுக்கும் ஈரமும் தங்கியிருக்குமாம். அது அடியில் மண்டியாகப் படிந்து, சில மாதத்தில் எண்ணெயையே கெடுத்துவிடுமாம். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரமாம். வடிகட்டியது நீண்ட காலம் தாங்குமாம். எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. சீக்கிரம் கெடுவதை வைத்துக்கொள்ள வேண்டும். நீடித்து நிற்பதை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும். வருகிற புட்டியெல்லாம் கெட்டுப் போனால் ரீபாவே சலித்து நிறுத்திவிடுவாள். யார் மனமும் நோகாது.

"ஹெப்சி, எனக்குக் கலங்கினதுதான் பிடிச்சிருக்கு."

"அடியில மண்டி கிடக்கே."

"மண்டியிலதான் சத்து. செக்குல ஆட்டின சூட்டோட வாங்குத எண்ணெயும் கலங்கித்தானே இருக்கும்?"

"அத வெயில்ல வச்சுத் தெளிஞ்ச பெறவுல்லா ஊத்துவோம்."

"அப்ப இதையும் வெயில்ல வைப்போம்."

"வைங்க. தேசமெல்லாம் நீங்கதான் படிச்சிருக்கீங்க."

வெயில் யோசனையை அவளே எடுத்துக் கொடுத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ரீபாவிடமும் போனில், கலங்கினதுதான் பிடிச்சிருக்கு என்றேன். புட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நிழல் எட்டாத மூலையாகப் பார்த்து வைத்தேன். நெல்லை வெயிலுக்கு நான் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது?

அடுத்தது தெளிந்த புட்டி. எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணி, கோழி, சில சமயம் ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஆண்டவருக்குப் போகிற காசு என்பதால் ஓர் எலுமிச்சம்பழம் சேலை விலைக்குப் போகும். அந்த ஏலத்துக்கு இந்தப் புட்டியைக் கொடுப்போம் என்றேன். ஹெப்சிபா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சாமிக்குக் கொடுக்கது நல்லதாத்தான் இருக்கணும் என்று துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பெண்கள் சங்கத்துச் செயலாளர் அவள்தான். ஏல மேசையை அடுக்குவதும் அவள்தான்.

ஒரே பேச்சில் அவள் இணங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின வாரம் மாடிக்குப் போய்த் திறந்து பார்த்தேன். பிள்ளைகளின் பழைய மெழுகுப் பென்சில் டப்பாவைத் திறந்த மணம். எண்ணெய் கெட்டே விட்டது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கீழே கொண்டுவந்தேன். ஹெப்சிபா மோந்து பார்த்தாள். பிள்ளை ஆசையா அனுப்பினது, இப்படியா ஆகணும் என்றாள். பிறகு அதைக் கேட்டின் கீலுக்கு ஊற்றினாள். நெடுங்காலமாக அழுதுகொண்டிருந்த கேட் அன்றோடு வாயை மூடியது.

பண்டிகை வந்தது. பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஏலம் விடுகிறவர் செல்வமணி அண்ணாச்சி. மைக் இல்லாவிட்டாலும் அவர் குரல் பேட்டை வரை கேட்கும். சாமான்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் எதையும் கவனிக்கவில்லை. மனதில் மறுநாள் இட்லி வெந்துகொண்டிருந்தது. வீட்டில் இனி ஒலிவ எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. வெறும் சட்னி எத்தனை நாள் தாங்கும்? ஹெப்சிபாவே இறங்கி வருவாள்.

என் புட்டி மேசைக்கு வந்தது.

"இது வேதத்துல வருத ஒலிவ எண்ணெய். நோவாவோட புறா இந்த மரத்து இலையைத்தான் கொத்திட்டு வந்துச்சு," என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இதுல வடை சுடலாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"சுட்டா வடை ஜெபம் பண்ணும்வே. கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். திரும்பினேன். ஹெப்சிபா பிரசங்கம் கேட்கிற முகத்தோடு கையைத் தூக்கி நின்றாள்.

அவள் எடுத்தால் அந்தச் சாகாவரம் பெற்ற புட்டி திரும்ப என் அடுப்படிக்கே வரும். ஆனால் எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்தவர் மனமிருந்தால் பொருளை மறு ஏலத்துக்குத் திரும்பக் கொடுக்கலாம். நானே எடுத்துத் திரும்பக் கொடுத்துவிட்டால் வேறு யாராவது கொண்டுபோவார்கள். கையைத் தூக்கினேன்.

அவள் ஏற்றினாள். நானும் ஏற்றினேன். பந்தல் குலுங்கிச் சிரித்தது. ஒரே வீட்டுல ரெண்டு கை, ஆண்டவருக்கு நல்ல அறுவடை என்றார் அண்ணாச்சி. குருவானவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். நான் விடவில்லை. ஒரு நல்ல மின்விசிறி வாங்கலாம் என்கிற விலைக்கு வந்ததும், ஹெப்சிபா சட்டென்று கையை இறக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். புட்டி என் கையில். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, மறு ஏலத்துக்குக் கொடுக்கிறேன் என்றேன்.

"சார், இதுதான் கடைசிப் பொருளு. அங்கன பாருங்க, அசனத்துக்கு இலை போட்டாச்சு," என்றார் அண்ணாச்சி.

திரும்பிப் பார்த்தேன். ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் வந்துவிட்டது. சபை முழுவதும் பந்திக்கு எழுந்துவிட்டது. பந்தலில் நானும் புட்டியும் நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீ எதுக்கு ஏலம் கேட்ட?"

"பிள்ளை அனுப்பினது கேக்க ஆளில்லாம நின்னா நல்லாவா இருக்கும்? அதான் கேட்டேன். நீங்கதான் விட மாட்டேன்னுட்டீங்க."

"கடைசியா ஏன் வச்ச?"

"மாடியில நிழல் விழாத மூலையா பார்த்து வைக்க உங்களுக்குத் தெரியும்லா? மேசையில எத எங்க வைக்கணும்னு எனக்கும் தெரியும்."

அப்போது போன் அடித்தது. ரீபா. திரையில் அவள் கண்கள் ஈரமாக இருந்தன. வீடியோ அவளுக்குப் போய்விட்டது.

"அம்மாவுக்குக் கூட விட்டுக் கொடுக்காம ஏலம் எடுத்திருக்கீங்களேப்பா. கலங்கினதுதான் பிடிக்கும்னு ஏன் பொய் சொன்னீங்க? தெளிஞ்சதுலயே ரெண்டு டின் போட்டுட்டேன்."

அவளுக்குப் பின்னால் சன்னலில் வேறொரு தேசத்துக் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தோஷம்மா என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை இட்லி வந்தது. பொடி வந்தது. என் குழியில் ஹெப்சிபா தெளிந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். பிறகு தன் தட்டுக்கு வேறொரு புட்டியைச் சாய்த்தாள். எள் மணம் அடுப்படி முழுக்க எழுந்தது. செக்கு நல்லெண்ணெய். நான் நேற்றுப் பந்தலில் இட்லிக் கனவில் இருந்தபோது, யாரோ கொடுத்த காணிக்கை, மேசையில் முதல் பொருளாகப் போயிருக்கிறது. எடுத்தவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நான் என் தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குத்தான் ரெண்டு டின் வருதுல்லா."