குமுஷ்புலாக்கில் புகையே இல்லை என்று சொன்ன அட்டவணை

நாரின் நகரம்
பிப்ரவரி 17, திங்கள்

‘சூழல், உடல்நலம், மனித அனுபவம்’ ஆய்வு மலரின் தொகுப்பாசிரியர் ஷெர்ஷென் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றும், தங்கள் மாடுகள் குளிர்காலத்தை மெலியாமல் கடந்துகொண்டிருக்கின்றன என்றும், தங்கள் தெருவில் நகராட்சி ஒருமுறையாவது பனி அள்ளியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். போன வாரக் காற்றில் கொட்டகைக் கூரைத் தகடு ஒன்று பறந்து அடுத்த வீட்டுக்காரரின் வைக்கோல் போரில் விழுந்தது. அவர் அதைத் திருப்பித் தரும் எண்ணத்தில் இல்லை. மற்றபடி குறையில்லை.

இது அலுவல் கடிதம் என்பதால், நான் தங்கள் சித்தப்பா மகள் என்பதை இதில் எங்கும் நினைவூட்டப் போவதில்லை.

என் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையை நீக்கிவிட்டு, இத்துடன் இணைத்திருக்கும் புதிய அட்டவணையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மலர் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்பது தெரியும். பனிப்பாறை உருகுவது பற்றிய கட்டுரையும், பால் கறக்கும் பெண்களின் முழங்கால் வலி பற்றிய கட்டுரையும், வானிலை நிலையக் காவலரின் தனிமை பற்றிய கட்டுரையும் ஏற்கெனவே பக்கம் கட்டி முடிந்துவிட்டன என்பதும் தெரியும். ஆனாலும் பழைய அட்டவணை தவறு, புதியது சரி. இருபத்து மூன்று ஆண்டுகளாக எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிற நான் இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். ஜனவரியில் என் கணவரின் ஊரான குமுஷ்புலாக்கில் இருபது வீடுகளில் இருபது கருவிகளை ஏழு நாள் வைத்தோம். தேயிலை டப்பா அளவுள்ள கருவி. அடுப்புப் புகையில் எவ்வளவு நுண்தூசி இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே குறித்துக்கொள்ளும். ஊரில் எல்லா வீட்டிலும் வறட்டிதான் எரிக்கிறார்கள், வசதியுள்ளவர்கள் கொஞ்சம் நிலக்கரி சேர்ப்பார்கள். புகைபோக்கிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, பாதிக்கு மேல் நாம் பிறப்பதற்கு முன் வைத்தவை. எனக்குத் தேர்வுப் பணி இருந்ததால் கருவிகளை வைத்துவிட்டு அன்றே திரும்பிவிட்டேன். வந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன், இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரியாக இருந்தது, அனுப்பிவிட்டேன். இருபது வீட்டுச் சராசரி, கன மீட்டருக்கு ஒன்பது மைக்ரோகிராம். ஒப்பிடுவதற்காக மேலே கணவாயில், மனிதரோ மாடோ இல்லாத இடத்தில் வைத்த கருவி பதினொன்று காட்டியது. தங்கள் மதிப்பீட்டாளர்கள் இருவருமே “மரபான வாழ்க்கை முறையின் தூய்மைக்குச் சிறந்த சான்று” என்று எழுதியிருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல்முறை.

போன திங்கட்கிழமை மாகாண அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். புகையில்லா அடுப்பும் புதிய புகைபோக்கியும் கொடுக்கும் திட்டத்தில் குமுஷ்புலாக் நான்காவது ஊராக இருந்தது தங்களுக்குத் தெரியும். “வாழ்த்துகள் மைராம்குல் அம்மா. உங்க மாமியார் ஊர்க் காத்து கணவாயைவிடச் சுத்தமாமே. மலர்ல வரப்போற அட்டவணையை அனுப்பி வச்சாங்க. அடுப்பை வேற ஊருக்குக் கொடுத்துடறோம். மாசக் கடைசியில பட்டியலை மூடிடுவோம்” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அட்டவணையில் மிகக் குறைந்த எண் எந்த வீட்டுக்கு என்று அப்புறம் பார்த்தேன். இரண்டு. அது என் ஓரகத்தி சோனுன் அக்காவின் வீடு. என் கணவரின் அண்ணன் இறந்தபிறகு தனியாக இருப்பவர். ஆறு குளிர்காலமாக இருமுகிறார். அடுப்பை மாற்றாவிட்டால் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று மாவட்ட மருத்துவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக் காற்றுக்குத்தான் நான் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாளே ஊருக்குப் போனேன். முதலில் துய்ஷோன் மாமா வீடு. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர், ஊரில் அறிவியல் என்றால் அவர் சொல்வதுதான். கருவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். பெருமையாக உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். வாசலுக்கு நேர் எதிரே, விருந்தாளி உட்காரும் இடத்தில், வெள்ளைக் கம்பளத்தின்மேல் ஒரு தலையணை, தலையணைமேல் அது இருந்த தடம். அந்த அறையில் குளிர்காலத்தில் நெருப்பே போடுவதில்லை.

“அடுப்பங்கரையில வைக்கச் சொன்னேனே மாமா.”

“சொன்னே. ஆனா அது நுட்பமான கருவிம்மா. புகை பட்டாக் கெட்டுப்போயிடும். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், புகை இருக்கற பக்கமே கொண்டுபோகாதீங்கன்னு. ஒரு கருவிக்காவது பழுது வந்துச்சா?”

“இல்லை.”

“பாத்தியா.”

நான் தேநீர் குடித்தேன். வேறென்ன செய்ய. அங்கிருந்து வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ரொட்டியைப் பிட்டு வாயில் போடாமல் பதில் வராது என்பதால் இருபது வீட்டுக்கு மூன்று நாள் ஆனது, என் பாவாடையின் மேல் கொக்கி இப்போது மாட்டுவதில்லை. ஒரு வீட்டில் கருவிக்குப் பூவேலை செய்த துணி தைத்துப் போர்த்தியிருந்தார்கள். ஒரு வீட்டில், வெளியூரிலிருந்து வந்த பொருள் என்று கண்ணேறு கழிக்க தினமும் மாலையில் காட்டு ஜுனிப்பர் தழையைக் கொளுத்தி அதை மூன்று சுற்று சுற்றியிருக்கிறார்கள். நிமிடப் பதிவில் அந்த வீட்டில் மட்டும் ஆறரை மணிக்கு ஒரு மலை எழும்பி நாலு நிமிஷத்தில் இறங்குகிறதே, ‘விளக்க இயலாத உச்சம்’ என்று அடிக்குறிப்பு எழுதினேனே, அது அதுதான். இன்னொரு வீட்டில் ஏழு நாளும் அடுப்பே பற்றவைக்கவில்லை. வெளியே மைனஸ் இருபத்தைந்து. பிள்ளைகள் ரோமத் தொப்பியோடு தூங்கியிருக்கின்றன, சாப்பாடு அக்கம்பக்கத்தில். “பல்கலைக்கழகம் பாக்குதுன்னு தெரிஞ்சும் வீட்டைப் புகையா வச்சிருந்தா ஊர் என்ன சொல்லும்” என்று அந்த வீட்டுப் பெண் என்னையே கேட்டாள். ஒருவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறார். வீட்டில் தனியாக விட்டுப்போனால் மரியாதையாக இருக்காதாம்.

சோனுன் அக்கா வீட்டில் கருவி எங்கே இருந்தது தெரியுமா அண்ணா? சீதனப் பெட்டிமேல் கூரைவரைக்கும் மெத்தையும் ரஜாயும் அடுக்கியிருக்குமே, அதற்குள். பதினாலாவது ரஜாய்க்கும் பதினைந்தாவதுக்கும் நடுவில். “பத்திரமாப் பாத்துக்கச் சொன்னியே, அதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டுல ஏது” என்றார். அந்த இரண்டு மைக்ரோகிராமும் பஞ்சிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

யார்மேல் குற்றம் சொல்ல? அந்த மூன்று நாளும் யோசித்துப் பார்த்தேன். ஜனவரியில் கருவிகளைக் கொடுத்தபோது ஊர்க்கூட்டத்தில் நான் பேசினேன். நுண்தூசி, நுரையீரல் என்று ஆரம்பித்ததும் ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். சரி, புரிகிற மாதிரி சொல்லுவோம் என்று, “இது ஏழு நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளின்னு நெனைச்சுக்கோங்க” என்று சொன்னேன். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நல்ல உவமை என்று அன்று எனக்கு மகிழ்ச்சி. கிர்கிஸ் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், விருந்தாளியை அடுப்புப் பக்கத்தில் உட்கார வைக்கிற வீட்டை இந்த நாட்டில் ஒன்று காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது, நான் போய் இப்படிச் சொல்லியிருக்கிறேன்.

சரி, மறுபடி அளக்கவேண்டும். கருவியைக் கொடுத்தால் மறுபடி தலையணைக்குப் போகும். நானே கொண்டுபோய் உட்கார்ந்தால் என்னையும் தலையணைக்கு அனுப்புவார்கள், பேராசிரியர் அம்மா வந்திருக்கிறார் என்று. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அந்த ஊரில் நான் பேராசிரியர் மட்டுமில்லையே, மருமகள். மருமகளுக்கு ஒரே இடம்தான், அடுப்புக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கும் நடுவில். அங்கே யாரும் வந்து மரியாதை செய்யமாட்டார்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஏப்ரன் பையில் கருவியைப் போட்டுக்கொண்டு, வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளில் ஒன்பது வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் யார் என்ன சொன்னாலும் கேட்காமல் நேராக அடுப்பங்கரை. வறட்டி போட்டேன், சாம்பல் அள்ளினேன், மாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டுப் போர்சோக் பொரித்தேன், ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தேநீர் ஊற்றினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது, இரண்டு முனைவர் மாணவர்கள் என் கையெழுத்துக்காக நகரத்தில் காத்திருக்கிறார்கள்.

“இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இப்பத்தான் நம்ம மருமகளுக்கு அடுப்பு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கு” என்றார் சோனுன் அக்கா எல்லார் முன்னாலும்.

“யுனிவர்சிட்டில வேலை போயிடுச்சா கண்ணு?” என்று இன்னொருத்தி கேட்டாள். “போனா என்ன, தேநீர் நல்லாவே ஊத்தறே.”

“கொஞ்சம் கெட்டியா ஊத்து. கஞ்சப் பொம்பளை” என்றாள் மூன்றாவது ஒருத்தி.

கெட்டியாக ஊற்றினேன். திட்டம் துய்ஷோன் மாமாவுக்கு மட்டும் தெரியும், கருவியைத் தினமும் இரவு மின்னேற்ற அவர் வீட்டு மின்சாரம்தான் நம்பகமானது என்பதால் சொல்லவேண்டி வந்தது. அவரிடம் ரொட்டிமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஊரில் வேறொருவருக்கும் தெரியாது. எண்ணைப் பாருங்கள் அண்ணா: சராசரி அறுநூற்று நாற்பது. பழையதைவிட எழுபது மடங்கு. சோனுன் அக்கா வீட்டில் எழுநூற்றுக்கும் மேல், அங்கே கண்ணைத் திறக்கவே முடியவில்லை, தேநீரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினேன். யாரும் அலங்கரிக்காத, யாரும் ஒளிக்காத, அடுப்படியிலேயே நின்று எடுத்த எண். முறை புதிது என்று மதிப்பீட்டாளர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். இப்படிப்பட்ட தரவு இந்த மாகாணத்தில் யாரிடமும் கிடையாது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

ஆகவே வியாழக்கிழமைக்குள் அட்டவணையை மாற்றி, அதன் நகலை அன்றே மாகாண அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். பட்டியலை மூடுவதற்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. ‘சூழல்’ பிரிவிலேயே இருக்கட்டும், இல்லை ‘உடல்நலம்’ பிரிவுக்கு மாற்றினாலும் எனக்கு மறுப்பில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பெரியம்மாவின் கையை என் சார்பில் பிடித்துக்கொள்ளுங்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆயுள் நீளட்டும், தங்கள் முற்றத்தில் குட்டிகள் பெருகட்டும், தங்கள் மலரில் அச்சுப்பிழை குறையட்டும்.

தங்கள் உண்மையுள்ள
மைராம்குல் எசெனோவா
(தங்கள் சித்தப்பா மகள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சோனுன் அக்கா போன் செய்தார். “புகை போதுமா இருந்துச்சா?” என்று கேட்டார். எந்தப் புகை என்றேன். “என்னடி தெரியாத மாதிரி கேக்கறே. துய்ஷோன் மாமா சத்தியம் பண்ணிட்டாராம், ஆம்பளைங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கல. அவர் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னார். போன தடவை எங்களால உனக்கு அசிங்கமாப் போச்சே, இந்தத் தடவையாவது நீ கேட்டு வந்தது கெடைக்கட்டும்னு நனைஞ்ச வறட்டியாப் பாத்துப் பாத்து வச்சோம். நான் புகைபோக்கியில பாதியைக் கந்தலால அடைச்சேன். உன் கண்ணுல தண்ணி வந்தப்பத்தான் எனக்கு நிம்மதி.”

எனவே புதிய அட்டவணையையும் போடவேண்டாம். உண்மை ஒன்பதுக்கும் அறுநூற்று நாற்பதுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் சொல்லமுடியாது. இரண்டையும் எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தையே அந்த இடத்தில் அச்சிடுங்கள். ‘மனித அனுபவம்’ பிரிவில் இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். மாகாண அலுவலகத்துக்கும் இதையே அனுப்புங்கள். அவர்களுக்கு ஓர் எண் கட்டாயம் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. அந்தப் போன் பேச்சு ஆறு நிமிடம். அக்கா பதினான்கு முறை இருமினார். நான் எண்ணுவது அவருக்குத் தெரியாது. இரண்டு முறை போனைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கேட்காத தூரம் போய் இருமிவிட்டு வந்தார், அவற்றை நான் சேர்க்கவில்லை. கடைசியில், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். இந்தப் பதிலை மட்டும் தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.